வின்னிபெக்குக்கு யார் வருவார்கள்?

கனடா என்று சொன்னால் ஊரில் எல்லாரும் டொராண்டோவா, வான்கூவரா என்றுதான் கேட்பார்கள். வின்னிபெக் என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: அங்கேதான் வேலை கிடைச்சிருக்கா, இல்லை வேற எங்கேயும் கிடைக்கலையா? ரெண்டும்தான் என்று பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது.

மனிடோபா மாகாணத்துக்கும் இது தெரியும். தனக்கு வேண்டிய குடியேறிகளைத் தானே பரிந்துரைக்கும் திட்டத்தை 1998-லிருந்து நடத்துகிறார்கள், நானும் அந்த வழியில் வந்தவன்தான். அதில் புள்ளிக்கணக்கு உண்டு. மனிடோபாவில் நெருங்கிய சொந்தம் இருந்தால் புள்ளி ஏறும். இங்கே யாரும் இல்லாமல் வேறு மாகாணத்தில் சொந்தம் இருந்தால் இறங்கும். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பி.ஆர். அட்டை கைக்கு வந்த மறுமாதமே ஆள் ஒன்டாரியோவுக்கு லாரி பிடித்துவிடுவான் என்ற பயம். அந்தப் பயத்தில் தப்பே இல்லை, என்னோடு வந்தவர்களில் பலர் இப்போது டொராண்டோ பக்கத்துப் பிராம்ப்டனில் இருக்கிறார்கள்.

இந்த ஊர் ஐஸ் ஹாக்கி டீமான ஜெட்ஸும் இதே பயத்தில்தான் வாழ்கிறது என்று எனக்குப் புரிய முதல் குளிர்காலம் முழுக்க ஆனது. மைனஸ் 30-ல் காரை இரவெல்லாம் பிளக்கில் மாட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் அசையாது. வேலைக்குப் போனால் சாப்பாட்டு அறையில் இரண்டே பேச்சு, ஒன்று குளிர், இன்னொன்று ஜெட்ஸ். குளிரைப் பற்றி எனக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை, அதனால் ஜெட்ஸ் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு ஹாக்கி ஒன்றும் புதிசில்லை, பனிக்கட்டி மேல் இல்லை, தரையில் ஆடுவதுதான் என்றாலும். சொந்த ஊர் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் அடுத்து எங்கள் ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது ஹாக்கிதான், 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர்ப் பையன். அங்கே சின்ன வயசிலிருந்து ஒன்றைப் பார்த்து வளர்ந்திருக்கிறேன். மட்டையைப் பிடிக்கத் தெரிந்த பையன் பத்தொன்பது இருபது வயசு வரை ஊர் கிரவுண்டில் ஆடுவான், அப்புறம் ரயில்வேயிலோ வங்கியிலோ வருமான வரித்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துப் போய்விடுவான். அடுத்த தடவை எங்கள் ஊர்ப் போட்டிக்கு வரும்போது வேற சட்டை போட்டிருப்பான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கைதட்டத்தான் செய்வார்கள். ஆனால் வெளியூர் ஆட்டக்காரன் ஒருத்தன் கோவில்பட்டியிலேயே குடியிருந்து ஆடுகிறேன் என்று வந்து நான் பார்த்ததில்லை.

வின்னிபெக் இதைவிட மோசமாக அடிபட்ட ஊர். பழைய ஜெட்ஸ் அணி 1996-ல் மொத்தமாகவே ஃபீனிக்ஸ் போய்விட்டது. பதினைந்து வருஷம் என்.எச்.எல். ஹாக்கி, அதாவது வட அமெரிக்காவின் பெரிய லீக் ஆட்டம், இல்லாமல் கிடந்தார்கள். 2011-ல் அட்லாண்டாவில் தள்ளாடிக்கொண்டிருந்த த்ரேஷர்ஸ் அணியை வாங்கி இங்கே கொண்டுவந்தபோது, பொது விற்பனைக்கு விட்ட சீசன் டிக்கெட் 17 நிமிஷத்தில் தீர்ந்ததாம். எங்கள் சாப்பாட்டு அறையில் இன்னும் அதைச் சொல்கிறார்கள், கிட்டத்தட்ட சுதந்திரப் போராட்டக் கதை மாதிரி. நகரத்தின் மக்கள்தொகை ஏழரை லட்சம், அரங்கத்தில் 15,000-க்குச் சற்று அதிகமான இருக்கைகள்தான், என்.எச்.எல்.லின் மிகச் சின்ன அரங்கங்களில் இதுவும் ஒன்று. கோவிட்டுக்கு அப்புறம் சீசன் டிக்கெட் எண்ணிக்கை 13,000-லிருந்து 10,000-க்கும் கீழே சரிந்து, 2024 ஆரம்பத்தில் லீக்கின் தலைவர் கேரி பெட்மேனே இங்கே வந்து பேசிவிட்டுப் போனார். அந்த வாரம் சாப்பாட்டு அறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அப்புறம் 2024-25 சீசன் வந்தது. 82 ஆட்டத்தில் 56 வெற்றி, 116 புள்ளி, லீக்கிலேயே முதலிடம், அதற்கான பிரெசிடென்ட்ஸ் கோப்பை. கோலி, அதாவது கோல்கீப்பர், கானர் ஹெல்லபக்குக்குச் சிறந்த கோலிக்கான வெசினாவும் கிடைத்தது, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையும் கிடைத்தது. கோலிக்கு ஹார்ட் கிடைப்பது அபூர்வம், அதற்கு முன் 2015-ல் கேரி பிரைஸ் வாங்கினார். லீக் ஆட்டங்கள் முடிந்து ஸ்டான்லி கோப்பைக்காக ஆடும் பிளேஆஃபில் செயின்ட் லூயிஸோடு தொடரை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டம், மே 4. இரண்டு நிமிஷம்கூட மீதியில்லாதபோது ஜெட்ஸ் 1-3. நமெஸ்ட்னிகோவ் ஒன்று போட்டார். முடிய மூன்றே விநாடி இருக்கும்போது பெர்ஃபெட்டி இன்னொன்று போட்டுச் சமன். இரண்டாவது ஓவர்டைமில் கேப்டன் லௌரி முடித்துவைத்தார். அன்றைக்கு எங்கள் கட்டடமே ஆடியது, கீழ் வீட்டுப் பிலிப்பைன்ஸ் குடும்பம் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டது. அடுத்த சுற்றில் டல்லஸிடம் தோற்றோம். அது வேற கதை.

ஜூலை 1 இங்கே கனடா தினம், விடுமுறை. அதே நாளில்தான் என்.எச்.எல்.லில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களில் பலர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார்கள், யாரோடு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். அசினிபோயின் பார்க்கில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கறி சுட்டுக்கொண்டிருந்தோம், கொசு எங்களைச் சுட்டுக்கொண்டிருந்தது, பாதி ஆண்கள் கையில் போன். லீக்கிலேயே முதலிடம் வந்த டீம், இப்போதாவது வெளியூரிலிருந்து ஒரு பெரிய ஆள் வருவானா? வரவில்லை. கஸ்டாவ் நிக்விஸ்ட் ஒரு வருஷத்துக்கு வந்தார், நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் வயசு முப்பத்தைந்து. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. 2014 டிராஃப்டில், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நாளில், முதல் சுற்றில் நாமே எடுத்து வளர்த்த டென்மார்க்காரர் நிக்கோலாய் ஏலர்ஸ், அந்தச் சீசனில் 69 ஆட்டத்தில் 63 புள்ளி (போட்ட கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்தவர், கரோலைனாவோடு ஆறு வருஷம், 5.1 கோடி டாலர் என்று போய்விட்டார்.

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் உடனே வாட்ஸப்பில் குரல் அனுப்பினார். "என்ன அண்ணை, முதலாவதா வந்தும் உங்கட டீமுக்கு ஒருத்தரும் வரமாட்டினமாம்?" 1967-க்கு அப்புறம் ஸ்டான்லி கோப்பையே பார்க்காத டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர் பேசுகிற பேச்சு. அதே வாரம்தான் டொராண்டோ பக்கத்து மார்க்கமில் பிறந்த அவர்களுடைய மிட்ச் மார்னர், எட்டு வருஷம், வருஷத்துக்கு 1.2 கோடி டாலர் என்று வேகாஸுக்குப் போனார். அதைக் குரலாக அனுப்பினேன், நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

ஆனாலும் அவர் கேள்வி நியாயமானதுதான். ஜெயிக்கிற டீமுக்கு ஏன் ஆள் வரமாட்டேன் என்கிறான்?

குளிர் ஒரு காரணம், ஆனால் அதையே எல்லாரும் சொல்வது சோம்பேறித்தனம். எட்மன்டனும் குளிர்தான். வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மனிடோபாவில் மேல்படி வருமானத்துக்கு மத்திய, மாகாண வரி இரண்டும் சேர்த்து 50.4 சதவீதம். ஃபுளோரிடா, டெக்சஸ், டென்னசி, நெவாடா நான்கிலும் மாநில வருமான வரியே கிடையாது. அதே 80 லட்சம் டாலர் சம்பளத்தில் கைக்கு வருவது ஊருக்கு ஊர் வேற. ஃபுளோரிடா பேந்தர்ஸ் 2024-லும் 2025-லும் கோப்பை ஜெயித்துவிட்டு பென்னட், எக்பிளாட், மர்ஷாண்ட் மூவரையும் மறுபடி கட்டிப்போட முடிந்ததென்றால், ஜெயிப்பது மட்டுமா காரணம்? கடற்கரை, வரி, ஜனவரியில் அரைக்கால் சட்டையோடு பயிற்சிக்குப் போகலாம் என்ற வசதி, எல்லாம் சேர்ந்துதான்.

இரண்டாவது காரணத்தை எங்கள் சூப்பர்வைசர் ஒரு பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த ஊரிலேயே பிறந்தவர், பழைய ஜெட்ஸ் போனபோது அழுதவர். ஒரு அணி மொத்தச் சம்பளமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று லீக்கே வரம்பு வைத்திருக்கிறது, 2025-26-க்கு 9.55 கோடி டாலர். டீம் ஜெயிக்க ஜெயிக்க உள்ளே இருக்கிறவர்கள் விலை ஏறுகிறது. ஹெல்லபக்கும் ஷைஃபலியும் 2023 அக்டோபரில் ஒரே நாளில் ஆளுக்கு ஏழு வருஷம், வருஷத்துக்கு 85 லட்சம் என்று கையெழுத்துப் போட்டவர்கள். மீதியை மற்றவர்களுக்குப் பங்கு வைத்தால், வெளியிலிருந்து வரும் பெரிய ஆளுக்குக் கொடுக்க என்ன இருக்கும்? தோற்கிற டீமிடம்தான் காசு மிச்சம் இருக்கும், முதல் வரிசையில் இடமும் காலியாக இருக்கும். ஆக, ஜெயித்த டீமைத் தேடி வருவது பெரும்பாலும் கோப்பை ஒன்றைத் தொட்டுவிட்டு ஓய்வு பெறலாம் என்று நினைக்கும் மூத்தவர்கள், குறைந்த சம்பளத்துக்கு.

பெரிய ஆட்களைப் பிடித்துவிட்டால் மட்டும் என்ன ஆகிறது? நம்ம டிவிஷனிலேயே இருக்கும் நாஷ்வில், 2024 ஜூலை 1 அன்று ஸ்டாம்கோஸ், மார்ஷஸோ, ஷே என்று மூன்று பேரை ஒரே நாளில் அள்ளியது. அன்றைக்கு எல்லாரும் நாஷ்விலைத்தான் புகழ்ந்தார்கள். அந்தச் சீசனில் 68 புள்ளி, பிளேஆஃபே இல்லை. அதே வருஷம் யாரும் வராத வின்னிபெக் 116.

இங்கே ஆடுகிறவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்த்தால் எனக்கு என் விசா கோப்பு ஞாபகம் வரும். ஷைஃபலி, லௌரி, மொரிசி, ஹெல்லபக், கைல் கானர், எல்லாருமே டிராஃப்டில் வந்தவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயசில் டீம் பெயரைக் கூப்பிட்டது, வந்தார்கள், யாரும் வின்னிபெக் வேண்டும் என்று தவமிருக்கவில்லை. சிலர் மாட்டேன் என்றார்கள். ட்ரூபா வேற டீமுக்கு மாற்றிவிடச் சொல்லி ட்ரேட் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். டூப்வாவும் அப்படித்தான். முதல் சுற்றில் எடுத்த மெக்ரோர்ட்டி ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பிட்ஸ்பர்க் போனார். மிச்சமிருந்தவர்கள் இரண்டு மூன்று குளிர்காலம் தாண்டினார்கள், கல்யாணம் ஆனது, ஏரிக்கரையில் வீடு வாங்கினார்கள், போகச் சொன்னாலும் யோசிக்கிறார்கள். என் மனைவியும் முதல் வருஷம் தினமும் டொராண்டோவில் வாடகை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அங்கே வீட்டு விலையைப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பிச் சிரிக்கிறாள்.

அந்தக் கோடையில் வந்த ஒரே பெரிய பெயர் உள்ளூர்க்காரர் ஜோனதன் டேவ்ஸ். சிகாகோவுக்கு 2010, 2013, 2015 என்று மூன்று கோப்பை வாங்கிக்கொடுத்த கேப்டன். உடம்பு முடியாமல் இரண்டு சீசன் ஆடவில்லை, நடுவில் இந்தியாவுக்குப் போய் பஞ்சகர்மா சிகிச்சை எடுத்துக்கொண்டார். (சாப்பாட்டு அறையில் அதைப் பற்றி என்னிடம் விளக்கம் கேட்டார்கள். விளக்கெண்ணெய் என்ற ஒரே விஷயம்தான் எனக்குத் தெரியும், அதைச் சொன்னேன்.) முப்பத்தேழு வயசில் ஜெட்ஸோடு ஒரு வருஷம், அடிப்படைச் சம்பளம் 20 லட்சம் டாலர். வேற டீம்களும் கேட்டிருப்பார்கள், ஆனால் அவர் பிறந்தது வின்னிபெக், வளர்ந்தது செயின்ட் வைட்டல், இப்போது நாங்கள் குடியிருக்கும் பக்கம். மாகாணத்தின் வடக்கே ஒரு ஏரிக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். மனிடோபாவின் புள்ளிக்கணக்கில் போட்டால் சொந்தபந்தத்துக்கான புள்ளியிலேயே பாஸ்.

அதனால் நண்பருக்கு என் பதில் இதுதான். எத்தனை கோப்பை வாங்கினாலும் இருபத்தேழு வயசு நட்சத்திரம் ஒருத்தன், நாலு ஊர் கூப்பிடும்போது, இந்த ஊரைப் பார்க்காமலே தேர்ந்தெடுக்க மாட்டான். வெற்றியால் கிடைப்பது வேற. ஏற்கெனவே உள்ளே இருக்கிறவன், போனால் இதைவிட நல்ல டீம் கிடைக்குமா என்று இரண்டு தடவை யோசிப்பான். ஏலர்ஸ் யோசித்துவிட்டுப் போனார். அடுத்த கோடையில் கைல் கானர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகவேண்டியவர், ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. மிச்சிகன்காரர், அமெரிக்க டீம்கள் வரிசையில் நின்றிருக்கும். 2025 அக்டோபரில், சீசன் தொடங்கும் நேரத்தில், எட்டு வருஷத்துக்கு 9.6 கோடி டாலர் என்று இங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்றைக்கு சூப்பர்வைசர் எல்லாருக்கும் டிம் ஹார்ட்டன்ஸ் டோனட் வாங்கிவந்தார். டேவ்ஸ் வந்தபோதுகூட வாங்கவில்லை. ஸ்கார்பரோவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். "எட்டு வருசமோ, அந்தக் குளிருக்குள்ளேயோ?" என்று பதில் வந்தது.