மாந்தோப்பும் மூன்று அமினோ அமிலங்களும்

கிருஷ்ணகிரி மாமரங்களின் கட்டைக்கு உறுதி தரும் லிக்னினும், எங்கள் வட்டாரக் கேழ்வரகின் தோலில் செறிந்துள்ள பீனால்களும் பெரும்பாலும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்தே கிளைக்கின்றன. அதனையும், டைரோசின், டிரிப்டோபான் என்ற வேறிரு அமினோ அமிலங்களையும் தாவரம் தன் செல்களிலுள்ள கணிகங்கள் என்ற நுண்ணுறுப்புகளுக்குள், ஷிகிமேட் பாதை என்ற வேதிவினைத் தொடரின் 7 படிகளைக் கடந்து பிறக்கும் கோரிஸ்மேட் என்ற சேர்மத்திலிருந்து உருவாக்குகிறது. என்னை வியக்க வைப்பது அதன் கட்டுப்பாடுதான்: டிரிப்டோபான் மிகுந்தால், அது தன் கிளையின் முதல் நொதியான ஆந்த்ரனிலேட் சிந்தேஸைத் தடுப்பதோடு நில்லாமல், மற்ற இரண்டிற்கும் வழிதிறக்கும் கோரிஸ்மேட் மியூட்டேஸ் என்ற நொதியைத் தூண்டியும் விடுகிறது, அந்த இரண்டும் மிகும்போது அதே நொதியை அவை அடக்குகின்றன. வரப்புகளில் தெளிக்கப்படும் களைக்கொல்லியான கிளைபோசேட் அடைப்பது இப்பாதையின் 6ஆம் படியை. மனிதருக்கு இப்பாதை இல்லை, ஆகவே கிளைபோசேட்டால் தீங்கில்லை என்பார்கள். மண்ணின் பாக்டீரியாக்களுக்கும் பூஞ்சைகளுக்கும் உண்டு என்பதால், அந்த ஒற்றை வாதம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.