லினக்ஸில் ஆப் பழசாகவே இருப்பது ஏன்?

"தம்பி, இங்க்ஸ்கேப் 1.4 வந்துருச்சுங்குறாங்க, நம்ம மிஷின்ல மட்டும் ஏன் 1.2லயே நிக்குது?" ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன வருஷத் தொடக்கத்தில் கேட்டார். அச்சு செய்யக் கொடுப்பதற்கு முன் கொடியும் பூவும் அவர் வரைந்து பார்ப்பது இங்க்ஸ்கேப் என்ற அந்த வரைகலை மென்பொருளில்தான். கணினியில் இருந்தது லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12.

டெபியனின் ஸ்டேபிள், அதாவது நிலையான, பதிப்பாக 12 2023 ஜூனில் வெளியானபோது எந்த மென்பொருள் எந்த எண்ணில் இருந்ததோ, பெரும்பாலும் அதிலேயே நிற்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடே இல்லை. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற பட லைப்ரரியில், அதாவது பல நிரல்கள் படங்களைத் திறக்கப் பயன்படுத்தும் பொதுத் துண்டில், மோசமான பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. டெபியனில் அந்த ஒரே பேக்கேஜைப் புதுப்பித்ததும் அதைப் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே சரியாகிவிட்டது. தனக்குள் சொந்தப் பிரதி வைத்திருந்த ஆப்களோ ஒவ்வொன்றாகப் புது வெளியீடு விட வேண்டியிருந்தது.

அதற்காக அண்ணனைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? தொழில் நடக்க வேண்டும். புதுப் பதிப்பைத் தனியாகப் போட இரண்டு வழி உண்டு. ஆப்இமேஜ் என்பது ஆப் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு, இறக்கி இயக்க அனுமதி கொடுத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் டெபியனில் மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான ஆப்ட் அதைக் கண்டுகொள்ளாது, புதுசு வந்தால் நாமே தேடிப்போய் இறக்க வேண்டும், பட்டறையில் யார் அதைச் செய்வார்கள்? ஆகவே இரண்டாவது வழி, ஆப்களைத் தனியாக நிறுவிப் புதுப்பிக்கும் ஃபிளாட்பேக். ஆப்ட் வழியாக அதை நிறுவி, அதற்கான ஆப் கிடங்கான ஃபிளாட்ஹப்பைச் சேர்த்து, இங்க்ஸ்கேப்பை மட்டும் அங்கிருந்து எடுத்தேன். ஆப்போடு அது ஓடத் தேவையான பொதுக் கோப்புகளின் தொகுப்பான க்னோம் ரன்டைமும் சேர்ந்து இறங்குவதால் முதல் தடவை சில நூறு எம்பி போகும், போன் ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பிக்காதீர்கள். அதே ரன்டைமை நம்பியிருக்கும் அடுத்த ஆப் இவ்வளவு சாப்பிடாது.

அடித்தளம் அசையாமல் இருக்கட்டும், பிழைப்புக்கு வேண்டிய ஒன்றிரண்டு மட்டும் புதுசாக ஓடட்டும், நான் யாருக்குப் போட்டுக் கொடுத்தாலும் இந்த முறைதான். ஃபிரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தில் அடிப்படை சிஸ்டம் தனி, பேக்கேஜ்கள் தனி என்று முதலிலிருந்தே பிரித்து வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

அப்புறம் 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது, அதில் இங்க்ஸ்கேப் 1.4 ஆப்ட்டிலேயே இருக்கிறது. மேம்படுத்தியவர்கள் ஃபிளாட்பேக் பிரதியை எடுத்துவிடலாம், கூடவே அன்யூஸ்டு ஆப்ஷனோடு ஒரு அன்இன்ஸ்டால் கட்டளை கொடுங்கள், இல்லாவிட்டால் ரன்டைம் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும்.