பல் இடைவெளியைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு

"மூணு, ரெண்டு, மூணு. அஞ்சு, நாலு, ஆறு." டாக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே போவேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார். ஆரோக்கியமான ஈறில் 3 வரைதான் இறங்கும். அதற்கு மேல் போய், தொட்டதும் ரத்தமும் கசிந்தால் உள்ளே நோய் இருக்கிறது என்று அர்த்தம்.

பல் டாக்டருக்கு உதவியாளராக வேலை பார்க்கிறேன். டீப் கிளீனிங், அதாவது ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்வது என்றதும் அநேகமாக எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சுத்தம் பண்ணினா பல் ஆடிப்போகும்னு சொல்றாங்களே?"

பல்லை ஆட வைப்பது நோய்தான். பல்லில் படியும் அழுக்கு, எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து காரையாக இறுகுகிறது. சொரசொரப்பான அதன் மேல் கிருமிகள் இன்னும் வசதியாக ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை எதிர்த்து நம் உடம்பு நடத்தும் சண்டையிலேயே பல்லைத் தாங்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது, அதுதான் கொடுமை.

சிகிச்சையன்று மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஒரு நாளில் பாதி வாயோ கால் வாயோ செய்வது வழக்கம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சியபடி அதிர்ந்து காரையை உடைக்கும் ஸ்கேலர் கருவி. பிறகு வளைந்த கைக்கருவியால் வேரைச் சுரண்டுவார். பக்கத்தில் நிற்கும் எனக்கே கேட்கும், கரகர என்ற சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றுபோவது. பஞ்சில் குறுமணல் போலக் கறுப்பாக வந்து விழும். ஈறுக்கு மேலே மஞ்சளாக இருக்கும் காரை, உள்ளே ரத்தத்தின் நிறமேறிக் கறுத்துப்போகிறது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு அம்மா, சுத்தம் செய்து சில வாரம் கழித்து வந்தார். "பல்லுக்கு நடுவுல சந்து விழுந்துடுச்சும்மா" என்று கண்கலங்கினார். வீங்கியிருந்த ஈறு வற்றியதால் தெரிகிற சந்து அது. எலும்பு முன்பே போய்விட்டது, வீக்கமும் காரையும் அதை மறைத்து வைத்திருந்தன. வேர் கொஞ்சம் வெளியே தெரிவதால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், பெரும்பாலும் போகப் போகக் குறையும். இதையெல்லாம் சிகிச்சைக்கு முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் செய்தால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள். அன்று மறுபடி அளந்தபோது அவருடைய 6 எல்லாம் 4 ஆகியிருந்தது, ரத்தமும் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கரைந்த எலும்பு இந்தச் சிகிச்சையால் பழையபடி முழுசாக வளர்ந்துவிடாது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விழுந்த பள்ளம் (பை என்போம்) மிக ஆழமாக இருந்தால், ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஆபரேஷன் தேவைப்படலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஆறுவது தாமதமாகும். புகைப்பவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அதிகம் கசியாது, அதனால் அவர்கள் ரத்தம் வரவில்லையே என்று நிம்மதியாக இருக்கக் கூடாது.

முடிந்த பிறகும் பலருக்கு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம் வேண்டியிருக்கும். வீட்டில் தினமும் பல்லிடுக்கு பிரஷ். அதில் பல அளவுகள் உண்டு. உங்கள் சந்துக்கு எது சரியென்று டாக்டரையே நுழைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இறுக்கமான இடத்தில் பெரியதைத் திணிக்காதீர்கள்.