சுண்டுவிரல் வரை

பிப்ரவரி 3
பின்தொடை, கெண்டைக்கால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல். வலி இடது பக்கம் மட்டும். இருமினால் சுளீர் என்று மொத்த வழியும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. தும்மல் வருகிற மாதிரி இருந்தால் முதலில் சுவரைத் தேடுகிறேன்.

பிப்ரவரி 4
தூக்கம் இல்லை. புரண்டு படுப்பதற்குக்கூட திட்டம் போட வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 6
ஸ்கேன் அறிக்கையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். எல்5-எஸ்1 டிஸ்க், அதாவது முதுகெலும்பின் அடியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, இடது பக்கம் பிதுங்கி, காலுக்குப் போகும் எஸ்1 நரம்பு வேரை அழுத்துகிறது. அது தெரிந்த கதை. அதற்கு அடுத்து, மேலே உள்ள டிஸ்க்குகளிலும் தேய்மானம் என்று ஒரு வரி. ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது அந்த வரிதான்.

அறுவை சிகிச்சை வேண்டுமா என்று டாக்டரைப் பார்க்க 20ஆம் தேதி என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதம் இல்லை, அடுத்த மாதம்.

பிப்ரவரி 7
பிசியோவிடம், அதாவது பிசியோதெரபிஸ்டிடம், முதலில் அந்த வரியைத்தான் காட்டினேன். அவர் அசரவில்லை. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்திருக்கிறார்களாம். 20 வயதுக்காரர்களிலேயே 100க்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயதில் 96 பேருக்கு. “நரை மாதிரி நினைச்சுக்கோங்க” என்றார். கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் கடுப்பு.

அப்புறம் சோதனைகள். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலைத் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் கத்திவிட்டேன். அது எதிர்பார்த்ததுதான். பயமுறுத்தியது அடுத்தது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னார். வலது கால் யோசிக்காமல் எழும்பியது. இடதில் குதிகால் தரையை விட்டுக் கிளம்பி, நடுங்கி, தானாக இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் வலிகூட இல்லை. நான் சொன்னது கால் வரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டியபோதும் வலது பாதம் துள்ளியது, இடது பாதம் கண்டுகொள்ளவில்லை. இதெல்லாம் எஸ்1 பார்க்கிற வேலையாம்.

சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா, உட்காரும் இடம் மரத்துப்போகிறதா என்று இரண்டு தடவை கேட்டார். அப்படி ஏதாவது ஆனால் தனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடச் சொன்னார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து நாலு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது சொன்னது: “வலி எவ்வளவுன்னு அப்புறம் சொல்லுங்க. எதுவரைக்கும் இருக்குன்னு முதல்ல சொல்லுங்க.”

பிப்ரவரி 8
எதுவரைக்கும்: சுண்டுவிரல்.

பிப்ரவரி 10
பயிற்சி என்றதும் வியர்க்க விறுவிறுக்க ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். குப்புறப் படுக்க வேண்டும். முதலில் சும்மா. பிறகு முழங்கையை ஊன்றி. பிறகு உள்ளங்கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்க வேண்டும். இடுப்பும் தொடையும் தரையிலேயே கிடக்க வேண்டும், பிட்டத்தை இறுக்கக் கூடாது. 10 முறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். கால் வலி கீழே இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். முதுகு வலித்தால் பரவாயில்லையாம்.

தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தால் கட்டிலுக்கு அடியில் ஒரு பேனா மூடி தெரிகிறது. தூசிப் படலத்துக்கு நடுவே நீல நிறத்தில். கைக்கு எட்டாது. குனிந்து எடுக்க எனக்கு இப்போது அனுமதி இல்லை.

பிப்ரவரி 11
எதுவரைக்கும்: சுண்டுவிரல். மரமரப்பும் சேர்த்து.

பிப்ரவரி 13
அக்கா போன். “பேசாம ஒரு மாசம் படுத்துக் கெட. உடம்பை அசைச்சு அசைச்சுத்தான் இவ்வளவு ஆச்சு.” சரி சரி என்றேன். வைத்த பிறகு கோபம் வந்தது.

படுத்துக் கிடந்தால் சரியாகும் என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில், 1999இல், சயாட்டிகா, அதாவது என்னுடையதைப் போன்ற கால் நரம்பு வலி, வந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை இரண்டு வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். மற்ற பாதி முடிந்ததைச் செய்துகொண்டு நடமாடியது. 12 வாரத்தில் பார்த்தால் இரு பக்கமும் 100க்கு 87 பேருக்குத் தேவலை. படுத்தவர்களுக்கு அதனால் தனி லாபம் எதுவும் கிடைக்கவில்லை. அப்படியானால் நான் ஏன் படுக்க வேண்டும்? இதை அக்காவிடம் சொன்னால் நெதர்லாந்தில் உன்னையா படுக்கப் போட்டார்கள் என்பாள்.

87 என்றால் மீதி 13. அந்த 13 பேருக்கு என்ன ஆனது?

பிப்ரவரி 14
13.

பிப்ரவரி 16
காலையில் சாக்ஸ் போட முடியவில்லை. எழுந்த முதல் ஒரு மணி நேரம் முன்னால் குனியவே கூடாது என்பது பிசியோவின் சட்டம். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை இழுத்து உப்புகிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் போல உயரமாக இருப்பது அதனால்தான். அந்த உப்பலோடு குனிந்தால் டிஸ்க்கின் பின்பக்கம் அழுத்தம் கூடுகிறது. பின்பக்கம்தான் நரம்பு. ஆகவே சாக்ஸ் பத்து மணிக்கு. அலுவலகத்துக்கு ஒரு காலில் சாக்ஸோடு போனது இன்றுதான்.

பிப்ரவரி 19
இடுப்பு பிளந்துவிடும் போல இருக்கிறது. இதுவரை முதுகு இவ்வளவு வலித்ததே இல்லை. இந்தக் குப்புற வைத்தியமே தப்போ? பிசியோவுக்கு நீளமாக எழுதி, அழித்து, வெறுமனே ‘முதுகு ரொம்ப வலி’ என்று அனுப்பினேன். திரும்ப ஒரே கேள்வி: “எதுவரைக்கும்?”

அப்போதுதான் கெண்டைக்காலைக் கவனித்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 20
பிசியோவுக்கு ஏக சந்தோஷம். எனக்குப் பாதி புரிந்து பாதி புரியாமல்.

அவர் சொன்ன கதை: 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட். கால் வலியோடு வந்த ஒருவரைப் படுக்கச் சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். மேசையின் தலைப்பக்கம் முந்தைய ஆளுக்காக உயர்த்தி வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. அந்த மனிதர் அதிலேயே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்து கிடக்கிறது. அந்தக் காலத்து வழக்கப்படி செய்யவே கூடாத நிலை. திரும்பி வந்த மெக்கென்சி பதறிப்போய்க் கேட்டால், கால் இவ்வளவு நன்றாக இருந்து வாரக்கணக்கில் ஆகிறது என்கிறார் ஆள். முதுகு மட்டும் வலிக்கிறதாம்.

வலி காலை விட்டு மேலேறி நடு முதுகெலும்புப் பக்கம் ஒதுங்கினால் நல்ல சகுனம் என்பது அங்கிருந்து வந்தது. முதுகில் எத்தனை வலித்தாலும் சரி. ஊரில் உள்ள அத்தனை பேரும் ‘வலி குறைஞ்சுதா’ என்றே கேட்கிறார்கள். கூடியிருக்கிறது என்று பதில் சொல்லி சிரித்தால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 21
எதுவரைக்கும்: முழங்காலுக்கு மேலே!

பிப்ரவரி 25
மீட்டிங் முடியவே இல்லை. நடுவில் எழுந்து நின்றேன். “ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்கள். உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 26
சுண்டுவிரல்.

பிப்ரவரி 27
சுண்டுவிரல். பயிற்சி எதுவும் செய்யவில்லை. யாரிடமும் பேசவில்லை.

மார்ச் 2
மறுபடியும் தரை. மறுபடியும் பேனா மூடி. ஏறிய வலி இறங்கினால் மறுபடி ஏறும், வழி அதற்குத் தெரியும் என்கிறார் பிசியோ. நேற்று பின்தொடை வரை வந்தது.

புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது முழங்காலை மெதுவாக நீட்டும்போது தலையை மேலே தூக்க வேண்டும். காலை மடக்கும்போது தலையைக் குனிய வேண்டும். ஒரு முனையில் இழுக்கும்போது மறுமுனையில் விட்டுக்கொடுப்பதால் நரம்பு முறுக்கேறாமல் உள்ளே வழுக்கி நகர்கிறது. இழுத்துப் பிடித்து நிறுத்தக் கூடாது. தசையை இழுக்கிற மாதிரி நரம்பை இழுத்தால் அது பழிவாங்கும் என்றார். எஸ்1 வேரும் போய்ச் சேரும் சயாட்டிக் நரம்பு பிட்டத்தில் விரல் பருமன் இருக்குமாம். அதைக் கேட்டதில் இருந்து என் ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 5
நடை. முக்கால் மணி நேரம் ஒரே மூச்சாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்குப் பலமுறை. கையை வீசி நடக்க வேண்டும். மெதுவாக நடந்தால் வலி கூடுகிறது, வேகமாக நடந்தால் குறைகிறது. இதை எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 9
கனடாவின் முதுகெலும்பு ஆராய்ச்சியாளர் ஸ்டூவர்ட் மெக்கில் சொன்ன மூன்று பயிற்சிகளும் இன்று தொடங்கின. தலையை லேசாகத் தூக்குவது, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது, மண்டி போட்டு எதிர் கையையும் எதிர் காலையும் நீட்டுவது. ஒவ்வொரு பிடிப்பும் 10 விநாடி. முதுகை முறுக்கும் வேலையே இல்லை, அசையாமல் பிடிப்பதுதான் வேலை. இடது காலை நீட்டியபோது மொத்த உடம்பும் கிடுகிடு என்று ஆடியது. அவ்வளவு சப்பையான பயிற்சியா என்று நினைத்த என் திமிர் அத்தோடு காலி.

மார்ச் 12
எதுவரைக்கும்: பிட்டம். தும்மினேன், சுவர் தேவைப்படவில்லை.

மார்ச் 15
இன்னும் ஐந்து நாள். வலி ஏறிவிட்டது. ஆனால் குதிகால்? இன்று சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு முயன்றேன். எழும்புகிறது, நிற்கவில்லை. வலி போய்ப் பலம் வராமல் நின்றுவிடுவதும் உண்டா?

நெதர்லாந்துக்காரர்கள் 2007இல் இதிலும் கை வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குக் கால் வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் அவர்களும் ஒன்றே, 100க்கு 95 பேர் தேறினார்கள். ஆனால் காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் நடுவிலேயே அறுவைக்குப் போனார்கள். பலம் குறைந்துகொண்டே போனால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது என்பதும் தெரியும். என்னுடையது குறையவில்லை. கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

மார்ச் 16
அக்கா வண்டி கொண்டு வருகிறாளாம். “ஆபரேஷன்னு சொன்னா பேசாம ஒத்துக்க.” போன மாதம் படுத்துக் கெட என்றவள்.

மார்ச் 17
குதிகால் நின்றது. ஒரு மூச்சு நேரம்.

மார்ச் 18
கேட்க வேண்டியவை: சுத்தியலுக்கு அந்தப் பாதம் எப்போது துள்ளும், துள்ளாமலே போனாலும் பரவாயில்லையா. விரல் மரமரப்பு எவ்வளவு நாள். இப்போது வேண்டாம் என்று நான் சொன்னால் எதுவரைக்கும் பொறுக்கலாம், எதைக் கண்டால் அன்றைக்கே திரும்பி வர வேண்டும். சாக்ஸ் பற்றிக் கேட்கக் கூடாது.