எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கம்

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, வேதத்தைத் திறந்தால் கண் மட்டும் வரிகளில் ஓடுகிறது, ஆராதனையில் பக்கத்தில் இருப்பவர் கண்ணீரோடு பாடிக்கொண்டிருக்கும்போது நமக்கு வீட்டில் முடிக்காமல் விட்டு வந்த வேலை நினைவுக்கு வருகிறது. பல வருடம் விசுவாசத்தில் இருக்கிறவர்களிடம் மனம் விட்டுப் பேசினால் கொஞ்ச நேரத்தில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். சாட்சி நேரத்தில் மட்டும் இதை யாரும் சொல்வதில்லை. ஜெபக்குறிப்பாகக்கூடக் கொடுப்பதில்லை. வியாதிக்காக ஜெபியுங்கள், வேலைக்காக ஜெபியுங்கள் என்று கேட்கும் நமக்கு, எனக்குக் கொஞ்ச நாளாக ஜெபிக்கவே முடியவில்லை, எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்க வாய் வருவதில்லை.

அப்படியே யாராவது துணிந்து சொன்னாலும் உடனே கிடைக்கும் ஆலோசனை, இன்னும் அதிகமாக ஜெபி, உபவாசம் எடு, அடுத்த எழுப்புதல் கூட்டத்துக்கு வந்துவிடு என்பதுதான். கூட்டங்களை நான் குறை சொல்லவில்லை, அங்கே தேவன் தொட்ட எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஆனால் ஏற்கனவே சோர்ந்து கிடக்கிற ஒருவர்மேல் இன்னும் நாலு கடமையை ஏற்றி வைப்பதைக் கர்த்தர் செய்யவில்லை என்பதற்கு வேதத்திலேயே ஒரு முழு அதிகாரம் இருக்கிறது.

1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த எலியா, அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். இவ்வளவு பெரிய தீர்க்கதரிசி இப்படிப் பேசலாமா என்று கேட்கத் தோன்றும், ஆனால் கர்த்தர் அதைக் கேட்கவில்லை, பாருங்கள். எலியா படுத்துத் தூங்கிவிடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்பிச் சொல்வது "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பது மட்டும்தான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார், அதற்கும் ஒரு வார்த்தை கண்டிப்பு இல்லை. தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லிச் சாப்பிடச் சொல்கிறார். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருவது அதற்கெல்லாம் அப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, கடைசியில் அந்த மெல்லிய சத்தம் என்று நாம் எப்போதும் பிரசங்கத்தில் கேட்கிற பகுதி அங்கேதான் வருகிறது. அந்த இடத்துக்கு நடந்து போக பெலன் கொடுத்த தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றி நாம் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

என் அப்பா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் இதை நான் நேராக அனுபவித்தேன். ராத்திரியில் அடிக்கடி எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும், அதனால் தொடர்ந்து தூங்கின இரவு என்று எதுவும் இல்லை. காலையில் வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பேன், ஒன்றும் உள்ளே போகாது. கர்த்தர் என்னைவிட்டுத் தூரமாகப் போய்விட்டார் என்றே நினைத்தேன். அப்போது சபையில் இருக்கிற ஒரு அக்கா சாயங்காலம் வந்தார், ஜெபம்பண்ணத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பாயை எடுத்துப் போட்டேன், அவரோ அப்பாவின் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு, "நீ போய்த் தூங்குப்பா, ராத்திரி நான் பார்த்துக்கிறேன்" என்றார். விடியும்வரை தூங்கினேன். எழுந்ததும் யாரும் சொல்லாமலே ஸ்தோத்திரம் என்ற வார்த்தை வாயில் வந்தது, அதற்கு முன் எத்தனையோ நாள் முயன்றும் வராத வார்த்தை.

அதற்காக எல்லா வறட்சிக்கும் தூக்கம்தான் மருந்து என்று சொல்ல வரவில்லை. 51ஆம் சங்கீதத்தில் "நிலைவரமான ஆவியை என் உள்ளத்திலே புதுப்பியும்" என்று கேட்கிற தாவீது களைப்பினால் அப்படிக் கேட்கவில்லை, செய்த பாவத்தை நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகு கேட்கிறார். மறைத்து வைத்திருக்கிற ஒன்று உள்ளே இருந்தால் எவ்வளவு ஓய்வெடுத்தாலும் பாரம் இறங்காது, அதை அறிக்கையிட்டு விடத்தான் வேண்டும். நான் சோர்ந்திருக்கிறேனா, ஒளிந்திருக்கிறேனா என்று உட்கார்ந்து யோசித்தால் பெரும்பாலும் நமக்கே தெரியும். ஒருவரோடு பேச்சு நின்றுபோயிருக்கிறது என்றால் இயேசு மத்தேயு 5இல் சொன்ன ஒழுங்கே வேறு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்கிறார். ஜெபம் காத்திருக்கலாம், அந்தப் போன் அழைப்பு காத்திருக்கக் கூடாது.

இன்னொரு பகுதி, வெளிப்படுத்தின விசேஷம் 2இல் எபேசு சபைக்கு எழுதப்பட்டது. பிரயாசம் உண்டு, பொறுமை உண்டு, கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடிக்கிற தெளிவும் உண்டு, ஆதியில் கொண்டிருந்த அன்பு மட்டும் இல்லை. சரி, அந்த அன்பு திரும்ப என்ன செய்வது? பழைய உணர்ச்சியை எப்படியாவது வரவழைத்துக்கொள் என்று கர்த்தர் சொல்லவில்லை. எங்கிருந்து விழுந்தாய் என்று நினைத்துப் பார், மனந்திரும்பு, "ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக" என்கிறார். உணர்ச்சியை நாம் உண்டாக்க முடியாது, ஆனால் ஆரம்ப நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது நன்றாக நினைவிருக்கிறது, அதை இன்றைக்கே செய்ய முடியும். மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் கதைபோல வாசித்தோம், ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் இருக்கிறார் என்றால் யாரும் சொல்லாமலே போய்ப் பார்த்தோம், நடந்து போகும்போது ஆண்டவரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டே போனோம். அதில் ஒன்றைத் திரும்ப ஆரம்பித்தால் போதும். எனக்கு அது ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பது, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. நான் வாசிக்கிற அறைக்குள் போன் இருந்தால் என் மனசு அதன் பக்கமே நிற்கிறது.

உணர்ச்சி உடனே திரும்பாமல் போனால் பயப்படவும் வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் இருதயம் அனல்கொண்ட அந்த சாயங்காலம் 1738 மே 24, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில். இதைப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்போம். 1739 ஜனவரி 4 அன்று அவரே தன் நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதியிருப்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஒரு வருடம்கூட ஆகவில்லை! அதே 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் திறந்த வெளியில் பிரசங்கிக்க ஆரம்பித்தார், மெதடிஸ்ட் எழுப்புதல் பரவியது அதற்கு அப்புறம்தான். தன் உள்ளம் எல்லாம் சரியான பிறகு ஊழியம் செய்யலாம் என்று அவர் காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஜெபிக்க வார்த்தையே இல்லை என்கிறவர்கள் 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். கடைசி வசனம்வரை ஆறுதலான ஒரு முடிவு வராது, புலம்பலாகவே முடியும், அதையும் ஜெபமாகத்தான் வேதம் வைத்திருக்கிறது. அதுவும் முடியவில்லை என்றால் உங்களுக்குப் பதிலாக ஜெபிக்க ஒருவரைக் கேளுங்கள். மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள், இயேசு "அவர்கள் விசுவாசத்தைக்" கண்டார் என்று எழுதியிருக்கிறது, படுக்கையில் கிடந்தவர் வாய் திறந்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை. அப்படி உங்களைச் சுமக்கக்கூடிய ஒருவர் பெயர் இதை வாசிக்கும்போதே மனதில் வந்திருக்கும், அவருக்கு இன்றைக்கே போன் செய்து, எனக்கு ஜெபிக்க முடியவில்லை, நீங்கள் ஜெபியுங்கள் என்று அந்த வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.