மிக்ஸிங் பிராக்டிகல்: ஃபேடரைத் தொடாத 40 நிமிடம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. 71. பாட்டின் தனித்தனி ட்ராக்குகளைச் சேர்த்துச் சமன்செய்யும் இதே மிக்ஸிங் பிராக்டிகலில் சென்ற முறை 34. இடையில் என் காது ஒன்றும் கூர்மையாகிவிடவில்லை. ஈக்யூ (அடி, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்துவது) எல்லாம் அன்று தெரிந்த அளவுதான் இன்றும். மாறியது, ஃபேடரை (ட்ராக்கின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) தொடாமல் ஃபைல்களை ஒழுங்குபடுத்திய முதல் 40 நிமிடம் மட்டும்.

சென்ற முறை நடந்த கூத்து இது. ஃபோல்டரில் 46 ஃபைல். செஷனின் சாம்பிள் ரேட் (ஒரு வினாடி ஒலியை எத்தனை துளிகளாகப் பதிகிறோம் என்ற கணக்கு) 48 கிலோஹெர்ட்ஸ், புல்லாங்குழல் ஃபைல் மட்டும் 44.1. ப்ரோ டூல்ஸ் என்ற மிக்ஸிங் மென்பொருளின் இம்போர்ட்டில் 'கன்வெர்ட்' கொடுக்க வேண்டிய இடத்தில் அவசரத்தில் 'ஆட்' கொடுத்துவிட்டேன், ஃபைல் மாற்றப்படாமல் வேகமாக ஓடியது. குழல் கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) மேலே ஏறி நின்றது. வாசித்தவர்தான் சுருதி விலகிவிட்டார் என்று முடிவுகட்டி, அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஐம்பது நிமிடம் பிட்ச் திருத்தினேன். இரண்டாவது இடையிசையில் குழல் தாளத்தை விட்டு முன்னால் ஓடியது. அதையும் வெட்டி வெட்டி நகர்த்தினேன். 3 நிமிடம் 40 வினாடிப் பாட்டில் குழல் ஃபைல் 18 வினாடி முன்னாலேயே முடிந்திருந்தது. கண்ணெதிரே தெரிந்தும் உறைக்கவில்லை! குரலுக்கு மிஞ்சியது இருபதே நிமிடம்.

அதனால், மற்றதை எப்படியும் செய்துகொள்ளுங்கள். சாம்பிள் ரேட்டை ஒவ்வொரு ஃபைலுக்கும் பாருங்கள். எல்லா ஃபைலும் ஒரே நீளத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் அங்கேதான் வில்லங்கம்.

இந்த முறை முதலில் பேனாவும் பேப்பரும். ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாகக் கேட்டு என்ன இருக்கிறது என்று எழுதினேன். 'ஆடியோ_07_நியூ' என்று வந்தது கோரஸ் பெண்குரல். 'ஃபைனல்_2' தாளம் காட்டும் வெறும் க்ளிக் ட்ராக். அப்புறம்தான் பெயர் மாற்றம். என்னோடு எழுதிய நண்பன் மிக்ஸ் செய்துகொண்டே பெயர் வைப்பான், அவனும் பாஸ்தான். நான் பதறுகிற ஆள், எனக்கு அது ஆகாது.

வரிசை:
- ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து ஒதுக்கி வைப்பது
- ட்ராக்குகளை அடுக்குவது: தாளவாத்தியம், பேஸ், கீஸ் (கீபோர்டு), குழல், கோரஸ், கடைசியில் முதன்மைக் குரல்
- இரண்டு பக்கமும் ஒரே ஒலியாக வரும் ஸ்டீரியோ ஃபைலை மோனோவாக்குவது
- வெட்டிய இடமெல்லாம் சின்ன ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவது), இல்லாவிட்டால் 'டிக்' கேட்கும்
- க்ளிப் கெயினில் (ஒவ்வொரு துண்டின் ஒலி அளவில்) சராசரியை மைனஸ் 18 டெசிபல் பக்கம் கொண்டுவருவது
- ட்ராக்குகளுக்கு நிறம்: நேரம் இருந்தால்

மிருதங்கத்துக்கு மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு (அடித்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒரு மைக். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் ஜோர். சேர்த்தால் தொப்பியின் கும்காரம் (கும்மென்ற ஆழ்ந்த ஒலி) காணாமல் போனது. பலர் உடனே ஈக்யூவில் அடிப்பகுதியைத் தூக்குவார்கள். ஒரு ட்ராக்கில் பொலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிப் பார்த்தேன், கும்காரம் திரும்பி வந்தது. இதை மோனோவில் கேட்டுச் செய்யுங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

மூச்சுச் சத்தத்தை முழுக்கத் துடைக்காதீர்கள். நான் கோரஸில் துடைத்தேன், முதன்மைக் குரலில் ஒலியை மட்டும் குறைத்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே, அதை ஏன் முழுக்கத் துடைக்கவில்லை என்பதுதான். "பாடுகிறவர் மூச்சு விட வேண்டாமா சார்?" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.