யோசேப்பு அதைக் குழிக்குள் சொல்லவில்லை

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கிற ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ரோமர் 8:28-ஐத்தான் முதலில் எடுக்கிறார்கள். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது." வசனத்தில் குறையில்லை, சொல்கிற ஆளும் வேளையும்தான் இடறுகின்றன. சர்க்கரைப் புண் முற்றிவிட்டது, காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பத்தாவது நிமிடம் இதைச் சொன்னால், படுத்திருப்பவர் "ஆமென், ஐயரே" என்பார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வேதத்தில், சாகிற வியாதியில் படுத்த எசேக்கியா ராஜாவும் அப்படித்தான் திருப்பிக்கொண்டான். அந்த ஆமெனுக்குப் பல வேளைகளில் 'போய்வாருங்கள்' என்றுதான் அர்த்தம்.

யோசேப்பின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அண்ணன்மார் அவனைக் குழியில் போட்டு, பிறகு அடிமையாக விற்கிற அதிகாரத்தின் தொடக்கத்தில் அவனுக்கு 17 வயது. பார்வோன் முன் நிற்கும்போது 30. செழிப்பில் 7 வருஷமும் பஞ்சத்தில் 2 வருஷமும் போன பிறகுதான், உயிர்களைக் காக்கத் தேவன் தன்னை முன்னே அனுப்பினார் என்று அண்ணன்மாரிடம் சொல்கிறான். அதற்குப் பிறகு யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து மரிக்கிறார். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற பேச்சு அதற்கும் பிறகு வருகிறது. குழியிலிருந்து அந்த வாக்கியத்துக்கு வர ஏறக்குறைய 39 வருஷம்.

குழிக்குள் அவன் என்ன செய்தான்? கெஞ்சினான். அந்தக் கெஞ்சலை அண்ணன்மாரே பின்னாளில் நினைத்துக் கலங்குகிறார்கள் (ஆதியாகமம் 42:21). சிறையில் பானபாத்திரக்காரனிடம், 'நான் ஒரு தப்பும் செய்யவில்லை, ராஜாவிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லும்' என்று சிபாரிசு கேட்டான். அந்த ஆள் மறந்துபோனான். இன்னும் 2 வருஷம் ஓடியது. இதையெல்லாம் வேதம் அவிசுவாசக் கணக்கில் எழுதவில்லை. தேவன் நன்மையாக முடித்தார் என்று சொல்லும் பாத்தியம் பாடுபட்ட யோசேப்புக்கு இருந்தது. அதே வார்த்தையை, அவனை விற்கலாம் என்று சொன்ன அண்ணன் யூதா, விற்ற 20 வெள்ளிக்காசை எண்ணிக்கொண்டே குழியின் விளிம்பில் நின்று சொல்லியிருந்தால்? கட்டிலுக்கு அருகில் நிற்கிற நாம் அந்த விளிம்பில்தான் நிற்கிறோம்.

ஆகவே வார்டுக்குள் போனதும் வசனத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில. இப்போது பார்க்கலாமா என்று முதலில் நர்ஸ் சிஸ்டரிடம் கேளுங்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு, படுத்திருப்பவரின் கண்மட்டத்தில் உட்காருங்கள். கட்டிலில் உட்கார வேண்டாம், டியூப் எங்கே ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. டிரிப்ஸ் ஊசி குத்தியிருக்கிற கையைப் பிடிக்கக் கூடாது. திருவிருந்து கொடுக்கும் முன், ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருக்கிறாரா என்று கேட்டே தீர வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தால் சின்ன அப்பத்துண்டுகூடப் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெய் பூசி ஜெபிக்கிற வழக்கமிருந்தால், ஆக்சிஜன் மாஸ்க் போட்டவரின் முகத்தில் எண்ணெயும் வேண்டாம், பக்கத்தில் மெழுகுவர்த்தியும் வேண்டாம், தீப்பிடிக்கும். ஊசி ஒட்டியிருக்கிற பிளாஸ்டரில் எண்ணெய் பட்டால் பிளாஸ்டர் கழன்று வரும்.

ஜெபம் இரண்டு நிமிடம் போதும். "எதுக்காக ஜெபிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே ஜெபியுங்கள். 'ராத்திரி தூக்கம் வரணும்' என்றால் தூக்கத்துக்காகத்தான்.

இந்த வேலையில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு. 'விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு' என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே மோசமாகலாம். காசநோய்க்கு 6 மாத மருந்தை இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் விட்டால், அதே மருந்து மறுபடி கேட்காமல் போகக்கூடும். இன்சுலினை விட்டவர்கள் நினைவில்லாமல் வந்து சேர்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் வாக்குவாதம் பண்ணாமல் ஏசாயா 38-ஐ வாசித்துக் காட்டலாம். எசேக்கியாவுக்கு 15 வருஷம் கூட்டிக் கொடுப்பதாகத் தேவனே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அப்படியும் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா.

'என்ன பாவம் செய்தேனோ' என்று கேட்கிறவருக்கு யோவான் 9:3 இருக்கிறது: பிறவிக்குருடனைப் பற்றி, அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்கிறார் இயேசு. யோபு புத்தகத்தை அங்கே முழுதாக வாசிக்க முடியாது. ஆனால் ஊழியம் செய்கிறவர் அதைத் தனக்காக வாசிக்க வேண்டும். எல்லாவற்றையும் இழந்து புண்ணோடு உட்கார்ந்திருந்த யோபுவோடு அவருடைய நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் தரையில் பேசாமல் உட்கார்ந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாய் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசிவரை யோபுக்குக் காரணம் சொல்லப்படவேயில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் நடந்தது வாசிக்கிற நமக்குத்தான் தெரியும்.

முதல் வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு சபையே வரும். நாலாவது வாரம் துணைக்கு இருக்கிற மனைவி மட்டும்தான். 88-ஆம் சங்கீதம், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்றுதான் முடிகிறது. ஆறுதல் வரி ஒன்றும் ஒட்டப்படவில்லை. போகிற நாளை முதல் வாரத்தில் செலவழிக்காமல் நாலாவது வாரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. அந்த அம்மா சாப்பிட்டார்களா என்றும் கேட்க வேண்டும்.

அப்படி ஒருநாள், "கர்த்தர் எதையோ வச்சுத்தான் இதை அனுமதிச்சிருக்காரு, ஐயரே" என்று அவர்களே சொல்லலாம். சட்டென்று வசனத்தைச் சொல்லி முடித்துவைக்காதீர்கள். "எதை நினைச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.